உடம்பு தளர்ந்தால்தான் தண்ணீர் தாங்கும்: சிறு குழந்தைகளுக்கு நீர்ப் பாதுகாப்பு

"தூக்கித் தண்ணீரில் போடுங்கள், தானாகக் கற்றுக்கொள்வான்." குழந்தைக்கு நீச்சல் என்று பேச்சு எடுத்தாலே இதை யாராவது சொல்லிவிடுவார்கள். என்னையும் ஆறு வயதில் அப்படித்தான் தள்ளிவிட்டார்கள். தள்ளியவர் என்மீது உயிரையே வைத்திருந்தவர். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டே கரையேறினேன். அதற்கப்புறம் இருபத்தைந்து வருடம் இடுப்பளவுத் தண்ணீரில்கூட நான் இறங்கியதில்லை.

என் மகளுக்கு மூன்று வயதானபோது நீச்சல் பழக்க அழைத்துப் போனேன். முதல் நாள் பயிற்சியாளர் அவளைத் தண்ணீரில் இறக்கவே இல்லை. படியில் உட்காரவைத்து, ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கையில் கொடுத்து, தண்ணீரை மொண்டு காலில் ஊற்றிக்கொள்ளச் சொன்னார். அடுத்த நாளும் அதேதான். காலுக்குப் பதில் தோள், அவ்வளவுதான். எனக்குப் பொறுமை போய்விட்டது. அந்தக் குவளையில் எவ்வளவு விஷயம் இருந்தது என்பது சில வாரங்கள் கழித்துத்தான் புரிந்தது.

குழந்தையை மையமாக வைத்துக் கற்றுக்கொடுப்பது என்றால் குழந்தை கேட்டதையெல்லாம் செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். நான் புரிந்துகொண்டது இப்படி: எங்கே போக வேண்டும் என்பதைப் பெரியவர் தீர்மானிக்கிறார், எவ்வளவு வேகத்தில் போவது என்பதைக் குழந்தை தீர்மானிக்கிறது. மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும், அதில் பேரம் இல்லை. அது இந்த வாரமா அடுத்த மாதமா என்பது குழந்தையின் கையில்.

பயந்த உடம்பு ஏன் மிதக்காது

மென்மையாகப் பழக்குவது பாசத்தால் செய்யும் சலுகை என்று நினைத்தால் பாதிதான் புரிந்ததாக அர்த்தம். மீதிப் பாதி, உடம்பு தண்ணீரில் நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது.

நுரையீரலில் காற்று நிறைந்திருந்தால் குழந்தையின் உடம்பு பெரும்பாலும் மிதக்கும். அதற்குத் தலை பின்னால் சாய்ந்திருக்க வேண்டும், காதுகள் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், வயிறு மேலே வர வேண்டும், மூச்சு நிதானமாக ஓட வேண்டும். இப்போது பயந்துபோன குழந்தையை நினைத்துப் பாருங்கள். கழுத்தை விறைத்துத் தலையை மேலே தூக்கும். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் கீழே போகும். பக்கத்தில் இருப்பவர்மேல் ஏறப் பார்க்கும். அழும், அழும்போது வாய் திறந்திருக்கும், வீறிட்ட அடுத்த நொடி சட்டென்று மூச்சை உள்ளே இழுக்கும். தண்ணீர் எதையெல்லாம் கேட்கிறதோ அதற்கு நேர் எதிரானதைப் பயம் செய்யவைக்கிறது. ஆகவே பயத்தை வைத்து மிதக்கக் கற்றுக்கொடுக்க முடியாது. தூக்கிப் போட்டும் நீந்தக் கற்றவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். அவர்கள் பயத்தைத் தாண்டித்தான் கற்றார்கள். தாண்ட முடியாத என் போன்றவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

"பிறந்த குழந்தைக்கு நீச்சல் தானாகவே வரும்" என்பதும் அடிக்கடி காதில் விழும். பச்சிளம் குழந்தையின் முகம் தண்ணீரில் பட்டால் மூச்சுக்குழல் தானாக மூடிக்கொள்வதும், கைகால் துழாவுவது போல அசைவதும் உண்டு. இது அனிச்சைச் செயல். ஆறு மாத வாக்கில் மங்கத் தொடங்கிவிடும். அது இருக்கும்போதும் மூச்சு வாங்குவதற்காகத் தலையைத் தூக்க அந்தக் குழந்தைக்குத் தெரியாது. இதை நம்பிக் குழந்தையை முக்கி எடுப்பது ஆபத்து. திரும்பத் திரும்ப முக்கினால் குழந்தை நிறையத் தண்ணீரை விழுங்கிவிடும், அதனால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரை போகலாம்.

எந்த வயதில்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் ஒரு காலத்தில் 4 வயதுக்குப் பிறகே நீச்சல் பயிற்சி என்று சொல்லிவந்தது. 2010-ல் அதைத் தளர்த்தியது. 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பல குழந்தைகளுக்கு 1 வயதிலிருந்தே பயிற்சியைத் தொடங்கலாம் என்றது. 1 வயதுக்கு முன் நடத்தும் வகுப்புகள் மூழ்கும் ஆபத்தைக் குறைப்பதாக ஆதாரம் இல்லை. பெற்றோரோடு தண்ணீரில் விளையாடிப் பழகுவதற்கு அவை போதும்.

2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடம் முறையான நீச்சல் பயிற்சிக்கும் மூழ்கும் ஆபத்து 88 சதவீதம் குறைவாக இருந்ததற்கும் தொடர்பைக் கண்டது. இந்த எண்ணைப் பல இடங்களில் கேடயம் போலப் பயன்படுத்துகிறார்கள். அது சிறிய ஆய்வு, பயிற்சியின் உண்மையான பலன் அதைவிட மிகக் குறைவாகவும் இருக்கலாம் என்பது அதன் கணக்கிலேயே இருக்கிறது. பயிற்சி உதவும் என்பதற்கு அது நல்ல அடையாளம். "என் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது" என்பதற்குச் சான்றிதழாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் ஒன்றா?

இல்லை. கைகாலை அழகாக வீசி ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போவது நீச்சல். நீர்ப் பாதுகாப்பு அதற்கு முன்பே, தண்ணீருக்கு வெளியிலேயே தொடங்குகிறது. கரையில் நிற்பது, கேட்டுவிட்டு இறங்குவது, தவறி விழுந்தால் மேலே வருவது, முகத்தைக் காற்றுக்குக் கொண்டுவருவது, கரை எங்கே என்று பார்ப்பது, அதைப் பிடித்து ஏறுவது.

செஞ்சிலுவைச் சங்கத்தின் அமெரிக்கக் கிளை இதை ஐந்து செயல்களாகச் சொல்கிறது: தலைக்கு மேல் ஆழமுள்ள நீரில் இறங்கி மேலே வருவது, 1 நிமிடம் மிதப்பது, ஒரு சுற்றுத் திரும்பி வெளியேறும் வழியைக் கண்டுபிடிப்பது, 25 கஜம், அதாவது சுமார் 23 மீட்டர் நீந்தி அங்கே போவது, ஏணி இல்லாமலேயே வெளியே ஏறுவது. மூன்று வயதில் ஐந்தும் வராது. ஆனால் நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்பதை இது காட்டுகிறது. எந்த நீச்சல் வகையின் பெயரும் இதில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

குவளையிலிருந்து

சரி, எங்கே ஆரம்பிப்பது? வீட்டுக் குளியலறையில். தலையில் தண்ணீர் ஊற்றும்போது சொல்லாமல் கொள்ளாமல் ஊற்றுவதுதான் நம்மில் பலருக்கு வழக்கம். அதை மட்டும் மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி, மூன்றில் ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அதே எண்ணிக்கை, அதே குரல். சில நாட்களில் "இரண்டு" என்றதுமே குழந்தை வாயை மூடிக் கண்ணை இடுக்குவதைப் பார்ப்பீர்கள். மூச்சைக் கட்டுப்படுத்தும் முதல் பாடம் அதுதான். அடுத்தது, குவளையைக் குழந்தையிடமே கொடுப்பது. தன் கையால் தன் முகத்தில் ஊற்றிக்கொள்ளும் தண்ணீருக்கு யாரும் பயப்படுவதில்லை. எவ்வளவு, எப்போது என்பது தன் வசத்தில் இருக்கிறதே! பொம்மைக்கு முதலில் ஊற்றட்டும், அப்புறம் தனக்கு, அப்புறம் உங்களுக்கு. உங்கள் முகத்தில் ஊற்றி நீங்கள் சிரிப்பதைப் பார்ப்பதைவிடப் பெரிய பாடம் அந்த வயதில் கிடையாது.

அடுத்து குமிழி. உதட்டைத் தண்ணீரில் வைத்து ஊதச் சொல்லுங்கள். "மூச்சை அடக்கு" என்று சொல்வதைவிட "ஊது" என்று சொல்வது நல்லது. அடக்கு என்றால் சிறு குழந்தை கன்னத்தை உப்பி உடம்பையே விறைத்துக்கொள்ளும். ஊதிக்கொண்டிருக்கும் வாய் தண்ணீரை உள்ளே இழுக்காது, உடம்பும் தளர்வாக இருக்கும். யார் அதிக நேரம் மூச்சை அடக்குவது என்று போட்டி வைப்பதை எந்த வயதிலும் அனுமதிக்காதீர்கள். அந்தப் போட்டியில் நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர்களே நீருக்குள் மயங்கி இறந்திருக்கிறார்கள்.

மூன்றாவது காது. பல குழந்தைகள் மல்லாந்து மிதக்க மறுப்பதற்குக் காதில் தண்ணீர் போகும் உணர்வே காரணமாக இருக்கும். ஓசையெல்லாம் மங்கிப்போகும், அம்மாவின் குரல் தூரத்தில் கேட்கும், பின்னால் விழுவது போலவும் இருக்கும். உங்கள் உள்ளங்கையில் தலையைத் தாங்கி, ஆழமில்லாத வெதுவெதுப்பான நீரில் காது நனையும் அளவுக்கு மட்டும் சாய்த்துப் பழக்குங்கள். "காதுக்குள் என்ன சத்தம் கேட்கிறது?" என்று கேளுங்கள். என் மகள் "மீன் பேசுகிறது" என்றாள். அன்றிலிருந்து அவளே காதை நனைக்கக் கேட்டாள்.

குளித்து முடித்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இதை ஏன் இங்கேயே சொல்கிறேன் என்பது கீழே வரும்.

பெரிய தண்ணீரில்

குளத்தில் இறங்கும்போது குழந்தையின் முகம் உங்கள் முகத்தைப் பார்த்திருக்கட்டும். முதலில் கரையைப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி பக்கவாட்டில் நகர்வதை நண்டு நடை என்று எங்கள் பயிற்சியாளர் சொல்வார். நண்டு நடந்து படிக்குப் போய் ஏறு, மறுபடி இறங்கு, மறுபடி நட. பார்க்க விளையாட்டுதான். தவறி விழும் குழந்தை செய்ய வேண்டியதும் கிட்டத்தட்ட இதுவேதான்: திரும்பு, பிடி, நகர், ஏறு. நூறு முறை விளையாடிய உடம்பு அதை நினைவில் வைத்திருக்கும்.

மிதப்பதற்கு நான் பார்த்ததில் எளிய வழி இது. நீங்கள் கழுத்தளவுக்குத் தண்ணீரில் தாழ்ந்துகொள்ளுங்கள். குழந்தையின் பின்தலை உங்கள் தோளில் சாயட்டும், உங்கள் கன்னமும் குழந்தையின் கன்னமும் ஒட்டியிருக்கட்டும், இருவரும் மேலே பார்த்துக்கொண்டு மெதுவாகப் பின்னோக்கி நடங்கள். முதுகைத் தாங்கும் கை முதலில் முழுதாக, பிறகு உள்ளங்கை, பிறகு இரண்டு விரல். குழந்தையின் கழுத்து விறைத்தால் ஒரு படி பின்னால் போங்கள். அந்தக் கழுத்துதான் உங்களுக்கு அளவுகோல். வாய் "பயமில்லை" என்று சொன்னாலும் கழுத்து உண்மையைச் சொல்லிவிடும்.

இதில் மிக முக்கியமானதாக நான் நினைப்பது பெரியவரின் வாக்கு. "விடமாட்டேன்" என்று சொன்னால் விடக் கூடாது. ஏமாற்றிக் கையை எடுத்துவிட்டு, "பார், நீயே மிதந்தாய்!" என்று கைதட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தை மிதந்திருக்கலாம். ஆனால் அதன் மனதில் பதிவது, இவர் சொல்வதை நம்ப முடியாது என்பதுதான். அடுத்த தடவை இரட்டிப்பாக இறுக்கிப் பிடிக்கும். கையை எடுக்கப் போகிறீர்களா, முன்கூட்டியே சொல்லுங்கள்: "மூன்று எண்ணும்வரை விடுகிறேன், அப்புறம் பிடித்துக்கொள்வேன்." சொன்னபடி மூன்றில் பிடியுங்கள். நான்கு வேண்டாம்.

அழுதால்? எல்லா அழுகையும் ஒன்று இல்லை. குளிர், பசி, தூக்கம் முதலில் வரும். சிறு குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். உதடு நீலமானாலோ நடுங்கினாலோ வெளியே எடுத்துத் துவட்டிவிடுங்கள், அன்றைய பாடம் அவ்வளவுதான். அரை மணி நேரமே பெரும்பாலும் போதும். பயத்தால் அழுகிறது என்றால் தண்ணீரை விட்டு ஓடாமல், கடைசியாகச் சிரித்த இடத்துக்குத் திரும்புங்கள். அது படியாக இருக்கலாம், குவளையாக இருக்கலாம். அங்கே சந்தோஷமாக முடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

கையில் மாட்டும் காற்றுப்பைகள், இடுப்பு வளையங்கள் பற்றி ஒரு வார்த்தை. இவை விளையாட்டுப் பொருள்கள். காற்று இறங்கலாம், கழன்றுபோகலாம். குழந்தையை நிமிர்ந்த நிலையிலேயே மிதக்கவைத்துப் பழக்கிவிடுகின்றன, இது மிதப்பதற்கான நிலையே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, "நான் தண்ணீரில் நிற்பேன்" என்று குழந்தை நம்பிவிடும். ஒரு நாள் அவை இல்லாமலேயே இறங்கிவிடும். படகிலோ ஆற்றிலோ போகும்போது உடம்புக்குச் சரியான அளவில், தரச்சான்று பெற்ற லைஃப் ஜாக்கெட்டைத்தான் போட வேண்டும்.

பூச்சாண்டி வேண்டாம்

தண்ணீருக்குள் பூதம் இருக்கிறது என்று சொல்லிக் குழந்தையைத் தூரமாக வைப்பது சுலபம். ஒரு நாள் அண்ணனோ தோழியோ போய்ப் பார்த்து, பூதம் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அதோடு நீங்கள் சொன்ன மற்ற விதிகளும் பொய்யாகிவிடும். உண்மையான காரணமே குழந்தைக்குப் போதும். ஒரு நீண்ட குச்சியைக் கொடுத்துக் கலங்கிய குட்டையில் விடச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று குழந்தையின் உயரத்தோடு அளந்து பாருங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதை நாம் எதற்கெல்லாமோ சொல்கிறோம், அந்த நேரத்தில் அது வெறும் தண்ணீரைப் பற்றியே பேசும்.

விதிகளை "செய்யாதே" என்பதைவிட "செய்" என்று சொன்னால் சிறு குழந்தைக்குப் பிடிபடும். "ஓடாதே" என்று சொன்னால் அதன் காதில் விழுவது ஓட்டம்தான். "நட" என்று சொல்லுங்கள். தண்ணீரைப் பார்த்தால் நில். என்னைக் கூப்பிடு. நான் சரி என்றதும் இறங்கு. மூன்று போதும். அப்புறம் பந்து விளையாட்டு: பந்தை வேண்டுமென்றே தண்ணீரில் போடுங்கள், குழந்தை அதை எடுக்கப் போகாமல் "பந்து விழுந்துவிட்டது!" என்று கத்த வேண்டும். நண்பன் விழுந்தாலும் இதேதான்: குதிக்காதே, கத்து. கொஞ்சம் வளர்ந்த குழந்தையாக இருந்தால், தரையில் படுத்துக்கொண்டு கம்பையோ துண்டையோ நீட்டவும், மிதக்கும் பொருளைத் தூக்கிப் போடவும் சொல்லிக்கொடுக்கலாம்.

இத்தனையும் ஒப்பித்துக் காட்டும் மூன்று வயதுக் குழந்தை, நிஜமாகவே பிடித்த பொம்மை தண்ணீரில் விழுந்தால் பின்னாலேயே போய்விடும். அது கீழ்ப்படியாமை இல்லை. தெரிந்ததைச் சமயத்தில் செய்யும் கட்டுப்பாடு அந்த வயதில் இன்னும் வளரவில்லை.

கண்டிப்பு நமக்கு

ஆகவே குழந்தையிடம் காட்டும் மென்மைக்கு ஈடாக, பெரியவர்களிடம் கண்டிப்பு வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-ல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் 5 வயதுக்குட்பட்ட குழந்தை.

மூழ்கும் குழந்தை கத்தும், கையை ஆட்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர் நிஜ மீட்புகளைக் கவனித்து விவரித்தது வேறு: வாய் தண்ணீருக்கு மேலும் கீழும் போய்வருகிறது, மூச்சு வாங்கவே நேரமில்லை, கத்த எங்கே மூச்சு? கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்துகின்றன, ஆட்ட வராது. இது 20 முதல் 60 நொடிகள், அவ்வளவுதான். சிறு குழந்தைகளுக்கு அதைவிடச் சீக்கிரமாகவும் முடிந்துவிடும். சத்தமே கேட்காது. சத்தமில்லாமல் இருக்கும் குழந்தையைத்தான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

தவழும், தத்தி நடக்கும் குழந்தைக்கு உடம்பின் அளவோடு பார்த்தால் தலை பெரிது, கனமானது. வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. 5 சென்டிமீட்டர் தண்ணீர் போதும். குளித்ததும் கொட்டச் சொன்னது இதனால்தான். பல விபத்துகள் நீந்தப் போன நேரத்தில் நடப்பதில்லை. குழந்தை உள்ளே தூங்குகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நடக்கின்றன. நீச்சல் குளம் இருந்தால் நான்கு பக்கமும் குறைந்தது 1.2 மீட்டர் உயரத்தில் வேலி வேண்டும், தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவு வேண்டும். குழந்தையைக் காணவில்லை என்றால் முதலில் தேட வேண்டிய இடம் தண்ணீர். கட்டிலுக்கடியிலும் அலமாரியிலும் அப்புறம் தேடலாம்.

தண்ணீரில் இருக்கும்போது கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பெரியவர். கரையில் நாற்காலி போட்டுப் பார்ப்பது போதாது. பத்துப் பேர் கூடியிருக்கும் இடம்தான் அதிக ஆபத்து, மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று பத்துப் பேரும் நினைப்பார்கள். ஒருவர் பெயரைச் சொல்லிப் பொறுப்பைக் கொடுங்கள். அவர் கையில் மொபைல் இருக்கக் கூடாது. மாறும்போது "இப்போது நீங்கள் பாருங்கள்", "சரி, நான் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றுங்கள். சிபிஆர் என்னும், நின்றுபோன மூச்சையும் இதயத் துடிப்பையும் மீட்கச் செய்யும் முதலுதவியைக் கற்றுக்கொள்ளுங்கள், நெஞ்சை அழுத்துவதோடு வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதையும் சேர்த்து. மூழ்கியவருக்கு முதலில் தேவைப்படுவது ஆக்சிஜன்.

வகுப்பில் சேர்க்கும் முன் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். "குழந்தை அழுதால் என்ன செய்வீர்கள்?" என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். "இரண்டு நாள் அழும், அப்புறம் சரியாகிவிடும்" என்றால் நான் வேறு இடம் பார்ப்பேன். சில குழந்தைகள் அழுகையை நிறுத்துவது பயம் போனதால் இல்லை, அழுது பயனில்லை என்று புரிந்ததால்.

என் மகள் ஐந்து வாரம் படியிலேயே இருந்தாள். ஆறாவது வாரம் அவளே "தோளில் சாய்கிறேன்" என்றாள். நடுவில் காய்ச்சல், பயணம் என்று மூன்று மாதம் விட்டுப்போயிற்று. திரும்பப் போனபோது மிதப்பது மறந்துவிட்டது, என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை. போய் அந்தப் பிளாஸ்டிக் குவளையை எடுத்துக்கொண்டு வந்தார். இந்த முறை இரண்டு குவளைகள். ஒன்றை என்னிடம் கொடுத்தார்.